சாத்தானுக்கு ஆவாரம்பட்டை, விண்மீனுக்குப் பவளமல்லி

குறிபார்க்கப் பயன்படும் டாரோ சீட்டுகளின் பெயரில் இயற்கை வாசனைத் தைலம் செய்பவர்கள் இன்று பல நாடுகளில் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் செல்லும் வழி எளிமையானது: சீட்டில் என்ன பூ, என்ன பழம் வரைந்திருக்கிறதோ அதன் மணத்தைக் குப்பியில் அடைத்துவிடுவது. மந்திரவாதி என்ற சீட்டில் அவனைச் சுற்றிச் சிவப்பு ரோஜாவும் வெள்ளை லில்லியும் பூத்திருப்பதால் அவனுக்கு ரோஜாவும் லில்லியும். பேரரசியின் அங்கியில் மாதுளை வரைந்திருப்பதால் அவளுக்கு மாதுளை. மாதுளம்பழத்திலிருந்து வாசனைக்கு உதவும் தைலம் எதுவும் வடிவதில்லை என்பதால், அந்த இடத்தில் சத்தமில்லாமல் ஒரு செயற்கை மணம் வந்து உட்கார்ந்துகொள்ளும். குப்பியின் மேலே மட்டும் இயற்கை என்று எழுதியிருக்கும்.

எனக்கு இந்த வழியில் உடன்பாடு இல்லை. சீட்டு என்பது அசையாத படம். தைலமோ தோலில் பட்ட கணத்திலிருந்து மாறிக்கொண்டே இருப்பது. எலுமிச்சைத் தோலின் மணத்தில் பெரும்பங்காக உள்ள லிமோனீன் 176 டிகிரியில் கொதிக்கும் பொருள், சந்தனத்தின் மணப்பொருளான சாண்டலால் என்பது கொதிப்பதற்கு ஏறத்தாழ 300 டிகிரி வேண்டும். ஆகவே ஒரே கலவையில் இருந்தாலும் முன்னது சில நிமிடங்களில் பறந்துவிடும், பின்னது மறுநாள் காலையிலும் மணிக்கட்டில் இருக்கும். வாசனைத் தொழிலில் முதல் மணம், நடு மணம், அடி மணம் என்று பிரித்துச் சொல்வது இதைத்தான். ஒவ்வொரு சீட்டுக்குள்ளும் ஒரு கதை நகர்கிறது என்றால், அந்த நகர்வை மணங்கள் விலகும் வரிசையாக மாற்றுவதே சரியான வேலை என்பது என் கருத்து. வேலூரில் இருந்துகொண்டு, இந்தப் பக்கத்து மண்ணில் விளைவதையும் இந்தப் பக்கத்து மூக்குகளுக்குப் பழகியதையும் வைத்து அந்த வேலையை எப்படிச் செய்கிறேன் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

சீட்டுகளைப் பற்றி அறியாதவர்களுக்குச் சுருக்கமாக. டாரோ 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் வெறும் விளையாட்டுச் சீட்டாகத் தொடங்கியது; அதில் மறைபொருள் இருக்கிறது என்று 1781இல் பிரான்சின் கூர் த ஜெபலாங் எழுதிய பிறகுதான் குறிபார்க்கும் பழக்கம் பெருகியது. மொத்தம் 78 சீட்டுகள். அவற்றுள் 22 பெருஞ்சீட்டுகளில்தான் பேதை, துறவி, சாத்தான், நிலவு போன்ற ஆழ்படிமங்கள், அதாவது மனித மனத்தில் ஆழப் பதிந்த மூல உருவங்கள், இருக்கின்றன. இன்று பரவலாகப் புழங்கும் படங்கள் 1909இல் லண்டனில் வெளிவந்தவை, ஏ.இ. வெயிட் வகுத்துச் சொல்ல, பமீலா கோல்மன் ஸ்மித் என்ற பெண் ஓவியர் வரைந்தவை. இவை வருங்காலத்தைச் சொல்லும் என்று நான் நம்பவில்லை. கிளி எடுத்துத் தரும் சீட்டுக்கும் இதற்கும் அந்த வகையில் வித்தியாசம் கிடையாது, கிளியாவது பார்க்க அழகாக இருக்கும். மனிதர்கள் திரும்பத் திரும்பச் சந்திக்கும் நிலைமைகளின் பட்டியல் என்ற அளவில் மட்டுமே நான் சீட்டுகளைப் பயன்படுத்துகிறேன்.

செய்முறையில் ஒரு கட்டுப்பாட்டை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மேலை நாட்டுத் தைலங்கள் பெரும்பாலும் எத்தனாலில் கரைக்கப்படுகின்றன. தமிழ்நாட்டில் அதை வாங்கவும் வைத்திருக்கவும் மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையின் உரிமம் வேண்டும் என்பதால், வீட்டளவில் செய்கிறவருக்கு எண்ணெயே கதி. உறையாத பகுதியை மட்டும் பிரித்தெடுத்த தேங்காய் எண்ணெயும் ஜோஜோபா எண்ணெயும் என் அடித்தளங்கள். எண்ணெயில் கலந்த மணம் அறை முழுக்கப் பரவாது. தோலோடு ஒட்டி, மெதுவாக, அருகில் வருபவருக்கு மட்டும் தெரியும்படி நிற்கும். அத்தர் பழகிய ஊருக்கு இது ஒரு குறையே அல்ல. வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குப் போகிறவர்கள் காதின் மடிப்பில் செருகிக்கொள்ளும் அத்தர் பஞ்சைப் பார்த்திருப்பவர்களுக்கு, வாசனை என்பது பீய்ச்சியடிப்பது என்ற எண்ணமே வராது.

கடைத்தெருவில் எனக்குப் பழக்கமான அத்தர் கடைக்காரர் ஒருவர் இருக்கிறார். வெளிநாட்டுக்காரர்கள் செய்வதைப் போலக் காகிதத் துண்டில் தொட்டு முகர்ந்துகொண்டிருந்த என்னிடம் அவர், "காயிதத்துக்கு ஏதும்மா சூடு? ஒடம்புல தடவிக்கிட்டுக் கடைத்தெருவ ஒரு சுத்து சுத்திட்டு வந்து சொல்லுங்க" என்றார். "சரிங்க பாய்" என்று சொல்லிவிட்டு அவர் சொன்னபடியே செய்தேன். உடற்சூட்டில்தான் அடி மணம் எழும்பும், வியர்வையின் உப்பில்தான் பூ மணத்தின் இனிப்பு தணியும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது. அன்றிலிருந்து எந்தக் கலவையையும் தோலில் ஒரு பகல் முழுக்க வைத்துப் பார்க்காமல் நான் முடிவு செய்வதில்லை.

விலங்குகளிடமிருந்து எடுக்கும் புனுகையும் கஸ்தூரியையும் தொடுவதில்லை. வனவிலங்குச் சட்டம் இருப்பது ஒரு காரணம், அந்த விலங்குகள் படும் பாடு மற்றொன்று. கஸ்தூரியின் கதகதப்பு வேண்டிய இடத்தில் கஸ்தூரி வெண்டை விதையே போதுமானது.

இனி சீட்டுகளுக்கு வருகிறேன். பதினேழாம் சீட்டான விண்மீனைத்தான் நான் முதலில் செய்தேன், ஏனென்றால் அதற்கான இடம் எங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறினால் காவலூர். அங்குள்ள வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல் அர்ப்பணிக்கப்பட்டது. ராமானுஜன் பெயர் சூட்டப்பட்ட குறுங்கோள் 1988இல் அந்த வானாய்வகத்தில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. விளக்கொளி குறைந்த காட்டுக்கு நடுவே, இருட்டுக்காகவே தேர்ந்தெடுத்த இடம் அது. சீட்டில் ஒரு பெண் குளக்கரையில் மண்டியிட்டு, ஒரு குடத்து நீரைக் குளத்திலும் இன்னொன்றைத் தரையிலும் ஊற்றுகிறாள். மேலே ஒரு பெரிய விண்மீனும் ஏழு சிறிய விண்மீன்களும். முந்தைய சீட்டில் இடி விழுந்து கோபுரம் சரிந்திருக்கிறது, ஆகவே இது எல்லாம் முடிந்தபின் தாமதமாக வரும் நம்பிக்கை.

தாமதமாக வருவது என்றால் எங்கள் மலையில் அதற்குச் சந்தனம் என்றுதான் பொருள். ஜவ்வாது மலைச் சந்தனம் திருப்பத்தூரில் உள்ள அரசுக் கிடங்குக்கு வந்து ஏலம் போவது இப்பகுதியில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. கன்றாக இருக்கும்போது பக்கத்துச் செடிகளின் வேரைப் பற்றிச் சாறு உறிஞ்சி வளரும் இந்த மரத்தில், மணமுள்ள வைரம் பாய்வதற்குப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். நல்ல எண்ணெய்க்கு இருபது, முப்பது ஆண்டுகள்கூடக் காத்திருப்பார்கள். 2002இல் சட்டம் திருத்தப்படும்வரை பட்டா நிலத்தில் தானாக முளைத்த சந்தன மரமும் அரசுக்கே சொந்தமாக இருந்தது, அதனால் கன்று தலைகாட்டியதும் தொல்லை எதற்கு என்று பிடுங்கி எறிந்தவர்கள் உண்டு. இப்போது மரம் நிலத்துக்காரருக்குச் சொந்தம், வெட்டுவதற்கு மட்டும் வனத்துறையின் அனுமதி வேண்டும். தன் ஆயுளில் வெட்டுவோமா என்று தெரியாமலே சந்தனம் நடும் விவசாயியைவிட இந்தச் சீட்டுக்குப் பொருத்தமான ஆள் எனக்குத் தோன்றவில்லை.

தோலிலும் சந்தனம் அப்படித்தான் நடந்துகொள்கிறது. கலவையைத் தடவிய முதல் சில நிமிடங்களில் அது இருப்பதே தெரியாது. மற்றவை அடங்கியபின் பால் காய்ந்ததைப் போன்ற ஒரு மென்மையோடு தலைதூக்கும். ஆகவே விண்மீனின் முதல் மணமாகத் துளசியையும் அணுவளவு பச்சைக் கற்பூரத்தையும் வைத்தேன். நீர் பட்டதைப் போலக் குளிர்ந்து உடனே விலகும் மணங்கள் அவை. நடுவில் பவளமல்லி.

பவளமல்லியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதன் மணத்தை நானே எடுக்கிறேன். இரவில் விரிந்து, விடிவதற்குள் தானாக உதிர்ந்துவிடும் பூ இது. தரையில் விழுந்ததைப் பொறுக்கி சுவாமிக்குச் சாத்தலாம் என்ற சலுகை பெற்ற பூவும்கூட. கொதிநீரில் இட்டு வடித்தால் அந்த மென்மணம் கெட்டுவிடும். கொழுப்பின்மேல் பூவைப் பரப்பி மணத்தை ஏற்கச் செய்யும் பழைய முறைதான் இதற்கு ஏற்றது. வேலூரில் ஆண்டின் பெரும்பகுதி தேங்காய் எண்ணெய் தண்ணீராகவே இருக்கும், கார்த்திகை, மார்கழி விடியலில்தான் வெண்ணெயாக உறையும். நல்லவேளையாகப் பவளமல்லி உதிரும் காலமும் அதுவே. எவர்சில்வர் தாம்பாளத்தில் உறைந்த எண்ணெயைத் தோசைமாவு கனத்தில் பரப்பி, சீப்பால் கீறி வரிகள் இட்டு, பூவின் வெள்ளை முகம் எண்ணெயில் பதியவும் செந்நிறக் காம்பு மேலே நிற்கவும் ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைக்கிறேன். மறுநாள் வாடியவற்றை எடுத்துவிட்டுப் புதியவற்றை வைக்க வேண்டும். காம்பு தவறிப்போய் எண்ணெயில் பட்டால் காவி நிறக் கறை ஊறிவிடும். முன்னொரு காலத்தில் துணிக்குச் சாயம் ஏற்றிய அதே நிறம் அது. சில வாரங்கள் இப்படிச் செய்தபின் எண்ணெயில் தேங்காயின் மணம் பின்வாங்கி, தேனும் பச்சைப்புல்லும் கலந்ததைப் போன்ற மணம் முன்னே வரும். துளசி விலகி, பவளமல்லி உதிர்ந்து, கடைசியில் சந்தனம் மட்டும் நிற்பதுதான் என் விண்மீன்.

பதினைந்தாம் சீட்டுக்கு நான் வேறு எங்கும் தேட வேண்டியிருக்கவில்லை. சாத்தான் சீட்டில் ஓர் ஆணும் பெண்ணும் கழுத்தில் சங்கிலியோடு நிற்கிறார்கள். உற்றுப் பார்த்தால் சங்கிலி தளர்வாகத்தான் இருக்கிறது, நினைத்தால் தலையை வெளியே எடுத்துவிடலாம், ஆனால் எடுக்கவில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் ஆகிய ஊர்களில் தோல் தொழிலோடு வாழ்ந்தவர்களுக்கு இந்தச் சங்கிலியை விளக்க வேண்டியதில்லை. பல்லாயிரம் குடும்பங்களின் அடுப்பை எரிய வைத்ததும் அந்தத் தொழில்தான், பாலாற்றங்கரைக் கிணறுகளின் நீரைக் கெடுத்ததும் அதன் கழிவுதான். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கியது. சட்டக் கல்லூரி மாணவர்கள் எங்கள் ஊரின் பெயரைப் படிப்பது அந்த வழக்கால்தான்.

வாசனைத் தொழிலின் வரலாறே தோலோடு பிணைந்தது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். இன்று வாசனையின் தலைநகராக அறியப்படும் பிரான்சின் கிராஸ் நகரம் முதலில் தோல் பதனிடும் ஊர். பதனிட்ட தோலின் வாடையை மறைக்கக் கையுறைகளுக்குப் பூமணம் ஏற்றியதில் தொடங்கி, பிறகு தோல் மறைந்து பூ மட்டும் அங்கே மிஞ்சியது. எங்கள் பக்கத்திலும் தோல் இருந்தது, சந்தனம் இருந்தது, பூந்தோட்டங்கள் இருந்தன. இருந்தும் அவை ஒன்றையொன்று சந்திக்கவில்லை. ஏன் சந்திக்கவில்லை என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு காரணம் தோன்றும்: இங்கே தோலைத் தொட்டவர்களும் பூவைத் தொடுத்தவர்களும் ஒரே தெருவில் இருக்க அனுமதிக்கப்படவில்லை.

வாசனைக் குப்பிகளில் தோல் மணம் என்று மரபாக விற்கப்படுவது ஐரோப்பாவின் பிர்ச் மரத் தாரின் புகைமணம். சுண்ணாம்புக் குழியில் ஊறும் பச்சைத்தோலின் வாடை அதில் துளியும் இருக்காது, இருந்தால் யாரும் வாங்கமாட்டார்கள். குரோமிய உப்பால் பதனிடும் முறை வருவதற்கு முன் இங்கே ஆவாரம்பட்டையில் பதனிட்டு, கடுக்காயில் முடித்த தோலுக்கு வேறொரு மணம் உண்டு. காய்ந்த பட்டை, துவர்ப்பு, சற்றே தேன். பழைய தோல் பெட்டிகளில் அதை இன்றும் முகரலாம். ஆவாரம்பட்டையை எண்ணெயில் ஊறவைத்தால் வருவது மிக மெல்லிய மணம்தான், துவர்ப்பைச் சுமக்கும் டானின் எண்ணெயில் கரையாது. ஆகவே அதற்குத் துணையாகக் உத்தரப் பிரதேசத்தின் அத்தர் நகரமான கன்னோஜிலிருந்து வரும் குங்கிலியச் சோயாவைச் சேர்க்கிறேன். குங்கிலியத்தை மண்பானையில் கருகும்வரை சுட்டு, இறங்கும் சொட்டைப் பிடிப்பது அது. குப்பி முழுவதற்கும் இரண்டு சொட்டு போதும், மூன்றாவது சொட்டு விழுந்தால் வீடே எரிந்ததைப் போல் இருக்கும். நாட்டு மருந்துக் கடையில் முத்தக்காசு என்று கேட்டு வாங்கும் கோரைக்கிழங்கு, ஆற்றுப்படுகையின் ஈரத்தைத் தருகிறது.

இவற்றுக்கு மேலே குண்டுமல்லி. மல்லிகைச் சாற்றில் இண்டோல் என்ற பொருள் இருக்கிறது. அளவில் சிறியது, ஆனால் தனியே முகர்ந்தால் அழுகலின் வாடை அடிக்கும். அதை எடுத்துவிட்டால் மல்லிகை வெறும் சோப்பு மணமாகிவிடும். இரவு முழுக்கத் தலையில் இருந்த மல்லிகைச் சரத்தைக் காலையில் முகர்ந்தவர்களுக்கு இனிப்புக்கும் அழுகலுக்கும் இடையிலான அந்த எல்லை தெரியும். சாத்தான் தைலத்தை அணிந்தவர் முதலில் மல்லிகையை மட்டுமே உணர்வார், மகிழ்வார். அரைமணி கழித்து இண்டோல் வழியாகக் குங்கிலியப் புகை உள்ளே நுழையும். மாலையில் தோலும் பட்டையும் மட்டும் இருக்கும், கழுவினாலும் லேசில் போகாது. இது வேண்டாம் என்று சொன்னவர்களைவிட, முகம் சுளித்துவிட்டு மறுபடி கையை மூக்கருகே கொண்டுபோனவர்கள்தான் அதிகம். தளர்ந்த சங்கிலியின் பொருள் அவர்களுக்குப் புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

நிலவு, பதினெட்டாம் சீட்டு, மயக்கமும் பொய்த்தோற்றமும் சார்ந்தது. நாயும் ஓநாயும் ஊளையிட, குளத்திலிருந்து ஒரு நண்டினம் மேலே ஏறிவருகிறது. இதற்கு மேலைநாட்டவர் பெரும்பாலும் வெள்ளைப்பூக்களை வைப்பார்கள். எனக்கோ தாழம்பூவைத் தவிர வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை. முடியைக் கண்டதாகப் பிரமனுக்காகப் பொய்ச்சாட்சி சொல்லிச் சிவபூஜையிலிருந்து விலக்கப்பட்ட பூ அது. அந்தக் கதை நிகழ்ந்த திருவண்ணாமலையும் 1989 வரை எங்கள் வடஆற்காடு மாவட்டத்தில்தான் இருந்தது. பொய் சொன்ன பூவுக்கு இத்தனை மணம் எதற்கு என்று என் பாட்டி கேட்பார், பொய்க்குத்தான் மணம் வேண்டும் என்று தாத்தா பதில் சொல்வார். தாழம்பூத் தைலம் ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்திலிருந்து வருகிறது. கூர்மையான, கண்ணாடித்தன்மையுள்ள மணம், எதையும் மறைத்துவிடக்கூடியது. அதனோடு மரிக்கொழுந்தைச் சேர்த்தேன். மரிக்கொழுந்துத் தைலம் ஆளுக்கு ஆள் வேறுவிதமாக மணக்கும் என்பது வாசனைக்காரர்களிடையே பேர்பெற்ற செய்தி. என் தங்கையின் கையில் பழுத்த பழமாகவும் என் கையில் கசப்பான மூலிகையாகவும் ஒரே சொட்டு மணப்பதை நானே பார்க்கிறேன். ஆகவே என் நிலவு என்ன மணக்கும் என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை, சொன்னாலும் அது அவர்கள் கையில் பொய்யாகிவிடும்.

சீட்டு தலைகீழாக விழுந்தால் பொருளும் மாறும் என்பது டாரோவின் மரபு. தைலத்தைத் தலைகீழாக்குவது எப்படி? கனமான மணம் முதலில் பறந்து இலேசானது கடைசியில் தங்கும்படி செய்ய முடியாது, இயற்பியல் இடம் கொடுக்காது. நான்காம் சீட்டான பேரரசரைச் செய்யும்போது இதற்கு ஒரு விடை கிடைத்தது. அரசரில்லாத கோட்டை என்று வேலூரைப் பற்றி ஒரு வழக்கு உண்டு. திப்புவின் குடும்பத்தார் இங்கே காவலில் இருந்தார்கள். கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கர் இங்கே சிறையிருந்து 1832இல் இறந்தார், அவருடைய முத்துமண்டபம் பாலாற்றங்கரையில் இருக்கிறது. இந்த ஊரில் பேரரசர் சீட்டு நேராக விழ வாய்ப்பே இல்லை. எனவே ஏலக்காய், மிளகு, பன்னீர் ரோஜா ஆகியவற்றைக் கொண்டு மிகப் பகட்டாகத் தொடங்கும் ஒரு கலவையைச் செய்து, அடி மணம் எதையும் வைக்காமல் விட்டுவிட்டேன். சந்தனம் இல்லை, வெட்டிவேர் இல்லை, பிசின் இல்லை. தர்பாரைப் போல எழுந்து, ஒன்றிரண்டு மணி நேரத்தில் வெறும் தோலாகிவிடும். விலை கொடுத்து வாங்கியவர்கள் நிற்கவில்லையே என்று குறைபட்டுக்கொள்வதால் இதை விற்பனைக்கு வைப்பதில்லை. கேட்பவர்களுக்குத் தடவிக் காட்டுவதோடு சரி.

துறவி பற்றி அதிகம் சொல்வதற்கில்லை, ஆனால் ஒரு விஷயம் எனக்குப் பிடித்தமானது. பனிமலை உச்சியில் கையில் விளக்கும் கோலுமாக நிற்கும் அந்தக் கிழவரைப் பார்த்ததும் சாமியார் என்று எண்ணி எல்லோரும் விபூதி மணத்தையும் சாம்பிராணியையும் கேட்பார்கள். காட்பாடிக்கு அப்பால் வள்ளிமலை இருக்கிறது. சமணத் துறவிகள் தங்கிய குகைகளும் சிற்பங்களும் உள்ள அதே மலையில்தான், முருகன் கிழவர் வேடத்தில் வந்து வள்ளியிடம் தேனும் தினைமாவும் கேட்ட கதையும் நடக்கிறது. எங்கள் பக்கத்துக் கிழவர் துறவியா காதலரா என்று கடைசிவரை தெரியாது. ஆகவே துறவித் தைலத்தைத் திரவமாகச் செய்யாமல் மலைத்தேன் மெழுகில் உருக்கி, சிமிழில் உறையவைத்தேன். தேன்மெழுகின் மணமே அதில் முக்கால் பங்கு. சூடான விரலால் தேய்த்தால்தான் வெளியே வரும்.

சூரியன் சீட்டுக்கு எலுமிச்சையும் ஆரஞ்சும் வைப்பது உலக வழக்கம். அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் அது அபத்தமானது மட்டுமல்ல, ஆபத்தானதும்கூட: தோலைப் பிழிந்தெடுத்த எலுமிச்சைத் தைலத்தில் உள்ள ஃபுரானோகூமரின்கள் வெயில் பட்டதும் சருமத்தைப் புண்ணாக்கும். வெயிலுக்கு இந்த ஊர் கண்ட மறுமொழியே எங்கள் சூரியனின் மணமாக இருக்க வேண்டும் என்று நினைத்து, பானைத் தண்ணீரில் போடும் வெட்டிவேரையும் நன்னாரியையும் எடுத்துக்கொண்டேன். நன்னாரி வேரின் மணப்பொருள் வனிலாவின் மணப்பொருளுக்கு மூலக்கூறு அளவில் உடன்பிறப்பு, ஆகவே சீட்டில் வெள்ளைக் குதிரைமேல் சிரிக்கும் குழந்தைக்குத் தேவையான இனிப்பு அதிலேயே வந்துவிடுகிறது.

வலிமைச் சீட்டில் சிங்கத்தின் வாயை ஒரு பெண் மென்மையாகப் பிடித்திருக்கிறாள். சோளிங்கரின் மலைமேல் சீற்றம் தணிந்து யோகத்தில் அமர்ந்த நரசிம்மரும் அமிர்தவல்லித் தாயாரும் இருக்கும்போது அதற்குப் பெருமாள் தீர்த்தத்தின் மணத்தைவிட்டு வேறு எங்கே போவது? காதலர் சீட்டைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். ரோஜா, மல்லி, கஸ்தூரி வெண்டை. செய்ய எளிது, விற்க எளிது, அதைப் பற்றி எழுதத்தான் எதுவும் இல்லை.

பதின்மூன்றாம் சீட்டான மரணத்துக்குப் பூவே வைக்கக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். சீட்டின் கருங்கொடியில் வெள்ளை ரோஜா இருக்கிறது என்பது உண்மை. ஆனால் பாடை போன தெருவில் நசுங்கிக் கிடக்கும் ரோஜாவும் சாமந்தியும் ஊதுவத்தியும் சேர்ந்த மணம் தமிழர் எவருக்கும் உடனே பிடிபடும். அதைக் குப்பியில் கொடுப்பது துக்கத்தைச் சீண்டுவதாகும். டாரோவில் இந்தச் சீட்டு ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குவதைச் சொல்வது. எனவே மண் அத்தரை எடுத்துக்கொண்டேன். சுட்ட களிமண்ணைச் செப்புப் பானையில் வடித்து, வரும் ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்கும் கன்னோஜ் முறை அது. முதல் மழையில் மண்ணிலிருந்து எழும் மணத்தை 1964இல் ஆஸ்திரேலியாவின் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற இரு அறிவியலாளர்கள் ஆராய்ந்து பெட்ரிகோர் என்று பெயரிட்டார்கள். கன்னோஜின் வடிப்பாளர்கள் அதற்கு முன்பே அதைக் குப்பியில் பிடித்துவைத்திருந்தார்கள். இப்போது சந்தைக்கு வரும் மண் அத்தரில் பெரும்பாலும் சந்தனத்துக்குப் பதிலாகப் பாரஃபின் எண்ணெய் இருக்கிறது. வாங்குபவர்கள் உள்ளங்கையில் ஒரு சொட்டுத் தேய்த்து அரைநாள் பொறுத்துப் பார்க்க வேண்டும்: மண் மணம் போனபின் மெல்லிய சந்தனம் தெரிந்தால் நம்பலாம், வெறும் வழுவழுப்பு மட்டும் மிஞ்சினால் பாரஃபின்.

பெருஞ்சீட்டுகளில் பாதிக்கு மேல் இன்னும் மிச்சம் இருக்கின்றன. இரு கோப்பைகளுக்கிடையே நீரை மாற்றி ஊற்றும் நிதானம் சீட்டுக்கு இப்போது வெட்டிவேரைக் கடலூர்ப் பக்கத்திலிருந்தும் பாலாற்றங்கரையிலிருந்தும் தனித்தனியே வாங்கி ஊறவைத்திருக்கிறேன். முன்னதில் புகையும் பின்னதில் ஈரமண்ணும் தூக்கலாக இருக்கின்றன. எந்த விகிதத்தில் கலந்தால் இரண்டுமே தனித்துத் தெரியாமல் போகும் என்பதைத் தோலில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இயற்கைப் பொருள் அறுவடைக்கு அறுவடை மாறும் என்பதால், சென்ற ஆண்டு விண்மீனை வாங்கியவர்கள் இந்த மார்கழியில் எடுக்கும் பவளமல்லியில் அதே மணத்தை எதிர்பார்க்க வேண்டாம்.